எல்லாம் தெரிந்தவரிடம் எதைச் சொல்வது? கடவுள் முன் உண்மையாக இருப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவை, திருப்பூர், ஈரோடு, சேலம் பக்கத்துச் சபைகளில் திருவிருந்து ஆயத்தம், தவக்காலம், உபவாசக் கூட்டம் என்று வரும்போதெல்லாம் திரும்பத் திரும்ப எழும் கேள்விகள் இவை. வசனங்கள் பழைய மொழிபெயர்ப்பில் உள்ளன. கத்தோலிக்கர் சங்கீதம் என்பதைத் திருப்பாடல் என்று படித்துக்கொள்ளலாம்.

அவருக்குத்தான் எல்லாம் தெரியுமே, பிறகு நாம் எதுக்குங்க வாய் திறந்து சொல்லோணும்?

பைபிளில் கடவுள் மனிதனிடம் கேட்கும் முதல் கேள்வியே இதற்குப் பதில். "நீ எங்கே இருக்கிறாய்?" (ஆதியாகமம் 3:9). ஆதாம் எந்த மரத்துக்குப் பின்னால் நிற்கிறான் என்று தெரியாமல் கேட்ட கேள்வி அல்ல அது. ஒளிந்திருப்பவன் தானாக வெளியே வர ஒரு வழி திறந்துவிடுகிறார். ஆதாம் வந்தான், ஆனால் பாதிதான் வந்தான். பழியை மனைவிமேல் போட்டான். "தேவரீர் தந்த ஸ்திரீயானவள்" என்று சொல்லிக் கொடுத்தவர்மேலும் கொஞ்சம் தள்ளிவிட்டான்.

1 யோவான் 1:9இல் பாவங்களை "அறிக்கையிட்டால்" என்று வரும் இடத்தில் கிரேக்க மூலச் சொல் ஹோமோலொகெயோ. "அதையே சொல்லுதல்" என்பது அதன் நேர்ப்பொருள். அதாவது அவருக்குத் தெரியாத செய்தியை நாம் கொண்டுபோவதில்லை. அவர் ஒன்றை எந்தப் பெயரால் அழைக்கிறாரோ அதே பெயரால் நாமும் அழைக்கிறோம். அவர் திருட்டு என்கிறார், நாம் "சின்ன அட்ஜஸ்ட்மென்ட்டுங்க" என்கிறோம். அந்த இரண்டு சொல்லும் ஒன்றாகும் வரைக்கும் அறிக்கை நடக்கவில்லை.

எந்நேரமும் பார்த்துக்கொண்டே இருக்கிறார் என்றால் பயமாக இருக்கிறதே, தலைக்குமேல் சிசிடிவி மாதிரி.

இந்தப் பயத்தில் பாதி நாம் சின்னப் பிள்ளையில் வாங்கியது. "பொய் சொன்னா சாமி கண்ணைக் குத்திரும்" என்று எந்த மதத்து வீட்டிலும் சொல்லி வளர்க்கிறோம். பைபிளில் "நீர் என்னைக் காண்கிற தேவன்" என்று முதலில் பெயர் வைத்தவள் ஆகார் (ஆதியாகமம் 16:13). எஜமானி கொடுமை தாங்காமல் வனாந்தரத்துக்கு ஓடிப்போன கர்ப்பிணி வேலைக்காரி அவள். யாரும் பார்க்காத தன்னை ஒருவர் பார்த்தார் என்பது அவளுக்கு ஆறுதல்.

எபிரெயர் 4:13ஐப் படிப்பவர்கள் அதோடு நிறுத்திவிடுவதால் வரும் கோளாறும் உண்டு. "அவருடைய பார்வைக்கு மறைவான சிருஷ்டி ஒன்றுமில்லை" என்ற வசனத்தில் "வெளியரங்கமாய்" என்று வரும் கிரேக்கச் சொல்லின் வேர் "கழுத்து". மல்யுத்தத்தில் எதிராளியின் கழுத்தைப் பின்னுக்கு வளைத்த நிலை என்றும், பலிக்கு முன் கிடாயின் கழுத்தை விரித்த நிலை என்றும் விளக்குவார்கள். இரண்டும் கலங்க வைக்கிற படம்தான். ஆனால் மூன்று வசனம் தள்ளி, 16ஆம் வசனம் "தைரியமாய்க் கிருபாசனத்தண்டையிலே சேரக்கடவோம்" என்கிறது. நடுவில் 15இல் நம் பலவீனங்களைக் குறித்துப் பரிதபிக்கும் பிரதான ஆசாரியர் வருகிறார். நான்கு வசனத்தையும் சேர்த்தே படியுங்கள்.

எங்கே தொடங்குவது? ஒரு நாளுக்கு எவ்வளவு நேரம்?

பதினைந்து நிமிடம் போதும். இயேசு சபையைத் தொடங்கிய இஞ்ஞாசியார் வகுத்த ஐந்து படிகள் இன்றுவரை பயன்படுகின்றன. கருமத்தம்பட்டி செபமாலை அன்னை ஆலயத்தின் தொடக்கமும் 17ஆம் நூற்றாண்டு இயேசு சபைக் குருக்களோடு சேர்ந்ததுதான் என்பதால் இந்த முறை நம் ஊருக்குப் புதிதல்ல. சீர்திருத்தச் சபையாரும் தடையில்லாமல் செய்யலாம்.

முதலில் அந்த நாளில் கிடைத்த நன்மைகளுக்கு நன்றி. இரண்டாவது, பார்க்க வெளிச்சம் கேட்பது, இதற்குச் சங்கீதம் 139:23 போதும்: "தேவனே, என்னை ஆராய்ந்து, என் இருதயத்தை அறிந்துகொள்ளும்." மூன்றாவது, காலையிலிருந்து மணி மணியாக நினைவு, சொல், செயல் என்று பின்னோக்கிப் பார்ப்பது. நான்காவது மன்னிப்பு. ஐந்தாவது நாளைக்கு ஒரே ஒரு திருத்தம். மூன்றாவது படிக்கே ஏழெட்டு நிமிடம் வேண்டும்.

வழக்கமாகத் தவறுவது முதல் படியில். நன்றியை விட்டுவிட்டு நேராகக் குற்றத்துக்குப் போகிறவர்கள் பத்து நாளில் சோர்ந்து நிறுத்திவிடுகிறார்கள். அடுத்த தவறு படுக்கையில் சாய்ந்துகொண்டு செய்வது. தூக்கம் வந்துவிடும், அவ்வளவுதான். எழுதி வைத்தால் உதவும் என்பவர்கள் தாளில் எழுதிக் கிழித்துவிடுங்கள். செல்போன் வேண்டாம், அது வீட்டில் நாலு பேர் கைக்குப் போகும்.

"நான் பாவி, மன்னியும்" என்று தினமும் சொல்கிறேனே, அது போதாதா? ஆயக்காரனும் அப்படித்தானே ஜெபித்தான்?

நல்ல கேள்வி. லூக்கா 18:13இல் ஆயக்காரன், அதாவது வரி வசூலிப்பவன், ஒரே வரிதான் சொன்னான், நீதிமானாக்கப்பட்டு வீட்டுக்குப் போனான். ஆனால் அடுத்த அதிகாரத்திலேயே இன்னொரு ஆயக்காரன், சகேயு, வருகிறான். அவன் பேச்சு முழுக்கக் கணக்கு. ஆஸ்தியில் பாதி ஏழைகளுக்கு, அநியாயமாய் வாங்கியதற்கு நாலத்தனை (19:8). லூக்கா இரண்டையும் அடுத்தடுத்து வைத்திருக்கிறார். ஒருவன் மார்பில் அடித்துக்கொண்டதை மட்டும் எடுத்துக்கொண்டு, மற்றவன் கணக்கு நோட்டைத் திறந்ததை விட்டுவிட்டால், "நான் பாவி" என்பதே ஒளிந்துகொள்ள நல்ல மரமாகிவிடும்.

பொதுச் சொல்லை உடைப்பதற்கு ஒரு சோதனை உண்டு: நீங்கள் சொன்ன வாக்கியத்தைக் கேட்டால் பாதிக்கப்பட்டவருக்கு அது தன்னைப் பற்றியது என்று புரியுமா? "தொழிலில் உண்மையாக இல்லை" என்றால் யாருக்கும் புரியாது. "பால் சொசைட்டிக்கு ஊற்றும் பத்து லிட்டரில் ஒரு லிட்டர் தண்ணீர்" என்றால் புரியும். போர்வெல் போடும் ரிக் வண்டிக்காரர் "அடிக் கணக்கில் தவறினேன்" என்பதைவிட "20 அடி ராடு மூன்றைக் கூடுதலாக எண்ணி 60 அடிக்குக் காசு வாங்கினேன்" என்பது அறிக்கை. மஞ்சள் மூட்டையில் மேலே விரலி, அடியில் கிழங்கு. பனியன் கம்பெனியில் பீஸ் ரேட் டைலரின் எண்ணிக்கையில் குறைத்து எழுதியது. தறிக்காரரிடம் மிஞ்சிய நூல். "கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது" என்ற நீதிமொழிகள் 11:1 சந்தையில் நிற்பவர்களுக்குச் சொன்ன வசனம்.

தாவீது சங்கீதம் 51இன் முதல் இரண்டு வசனத்தில் மூன்று சொல் போடுகிறான். மீறுதல் என்பது தெரிந்தே எதிர்த்தது, அக்கிரமம் என்பது உள்ளே கோணிப்போனது, பாவம் என்பது குறி தவறியது. உங்களுடையது எது என்று பிரித்துப் பார்ப்பது பயனுள்ள வேலை. பெரும்பாலும் நாம் மீறுதலைக் குறி தவறியதாக எழுதிக்கொள்கிறோம்.

இன்னும் இரண்டு இடத்தில் அறிக்கை கெடும். "ஆனால்" என்ற சொல் வந்ததும் அதற்கு முன்னால் சொன்னது எல்லாம் அழியத் தொடங்கும். இன்னொன்று, பிறர் பாவத்தை அறிக்கையிடுவது: "என் பங்காளி செய்த துரோகத்தால் எனக்குக் கோபம் வந்தது ஆண்டவரே" என்று பத்து நிமிடம் பங்காளியைப் பற்றியே போகும்.

திருப்பிக் கொடுப்பது கட்டாயமா? எவ்வளவு கொடுப்பது?

பணம், பொருள், கூலி சம்பந்தப்பட்டது என்றால் ஆமாம். எண்ணாகமம் 5:7, லேவியராகமம் 6:5 இரண்டும் அசலோடு ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டச் சொல்கின்றன. 12,000 ரூபாய் கூலியைப் பிடித்து வைத்திருந்தால் 14,400. யாத்திராகமம் 22:1இல் திருடிய ஆட்டை விற்றாலோ அடித்தாலோ நான்கு ஆடு, மாடு என்றால் ஐந்து. சகேயு சொன்ன நாலத்தனை அங்கிருந்து வந்தது. கிறிஸ்தவர் இந்த விகிதத்தை மன்னிப்பின் விலையாகக் கட்டுவதில்லை. ஆனால் ஐந்தில் ஒன்று என்பது நல்ல அளவு; இத்தனை நாள் அந்தப் பணம் உங்கள் கையில் உழைத்திருக்கிறது.

முறை இது. கணக்கு தெரியாவிட்டால் உங்களுக்குச் சாதகமாக இல்லாமல் அவருக்குச் சாதகமாக மதிப்பிடுங்கள். நேரில் போய்க் கொடுங்கள், எதற்கு என்று ஒரு வரியில் சொல்லுங்கள், "நீங்க மன்னிச்சுட்டேன்னு சொல்லோணும்" என்று வற்புறுத்தாதீர்கள். அவருக்குக் கோபப்பட உரிமை உண்டு. முழுத்தொகை இல்லையென்றால் தவணை சொல்லித் தேதியும் சொல்லுங்கள்.

ஒடிசா, பீகார் என்று ஊருக்குப் போய்விட்ட தொழிலாளி என்றால் முதலில் சம்பளப் பதிவேட்டில் உள்ள வங்கிக் கணக்கு, அடுத்து அழைத்து வந்த கான்ட்ராக்டர், அடுத்து அதே ஊர்க்காரர் என்று தேடுங்கள். இறந்துவிட்டால் வாரிசுக்கு. வாங்க உறவினரே இல்லாவிட்டால் கர்த்தருக்கென்று ஆசாரியனிடம் சேரட்டும் என்கிறது எண்ணாகமம் 5:8. இதில் வரிசை முக்கியம். தொழிலாளியைத் தேடாமல் நேராகக் காணிக்கைப் பையில் பெரிய நோட்டாகப் போடுவதுதான் நம் பக்கம் அதிகம் நடக்கிறது. நேரில் போய் நிற்கும் வெட்கத்திலிருந்து தப்பிக்க அது சுலபமான வழி. மத்தேயு 5:23-24 காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் சகோதரனிடம் போகச் சொல்கிறது. யாக்கோபு 5:4இல் கூக்குரலிடுவது பிடித்து வைத்த கூலியேதான்.

பி.எஃப். பிடித்தம் செய்து கட்டாமல் விட்டது போன்றவற்றில் தனிப்பட்ட முறையில் கையில் கொடுத்துத் தீர்க்க முடியாது. வட்டி, அபராதத்தோடு அலுவலகத்தில் கட்ட வேண்டும். ஆடிட்டரிடம் போங்கள்.

தசமபாகத்தைக் குறைத்துக் கொடுத்தால் அனனியா, சப்பீராள் மாதிரி ஆகிவிடுமா?

நிலம் விற்ற பணத்தில் பொய் சொல்லி விழுந்து இறந்த இந்தத் தம்பதியை, அப்போஸ்தலர் 5ஐ, காட்டி மிரட்டுகிறவர்கள் 4ஆம் வசனத்தைப் படிப்பதில்லை. "அதை விற்குமுன்னே அது உன்னுடையதாயிருக்கவில்லையோ?" என்று பேதுரு கேட்கிறார். விற்ற பிறகும் பணம் அவன் வசத்தில்தான் இருந்தது. பாதி கொடுத்திருக்கலாம், ஒன்றும் கொடுக்காமலும் இருந்திருக்கலாம். ஒரு பங்கைக் கொண்டுவந்து முழுசு என்று காட்டியதே குற்றம். ஐந்நூறு கொடுப்பவர் ஐந்நூறு என்று சொன்னால் அதில் பொய் இல்லை.

கத்தோலிக்கர் குருவிடம் போகிறார்கள், நாங்கள் நேரடியாகச் சொல்கிறோம். எது சரி?

இரண்டு மரபும் கடவுளிடமே அறிக்கையிடுகின்றன. கத்தோலிக்கரின் ஒப்புரவு அருட்சாதனத்தில் ஐந்து படி: பாவங்களை நினைவுகூர்தல், மனம் வருந்துதல், இனிச் செய்வதில்லை என்று தீர்மானித்தல், குருவிடம் அறிக்கையிடுதல், பரிகாரம். சாவான பாவங்களை, அதாவது கனமான பாவங்களை, எந்த வகை, எத்தனை முறை என்று சொல்ல வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறையாவது கட்டாயம். கேட்டதைக் குருவானவர் எந்தக் காரணத்துக்காகவும் வெளியே சொல்லக்கூடாது (திருச்சபைச் சட்டம் 983).

சீர்திருத்தவாதி மார்ட்டின் லுத்தர் தன் சிறிய ஞானோபதேசத்தில் பாவ அறிக்கையை ஒழிக்கவில்லை. கடவுள் முன் தெரியாத பாவங்களுக்கும் சேர்த்துக் குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும், ஆயரிடம் நமக்குத் தெரிந்து மனதை உறுத்துபவற்றை மட்டும் சொன்னால் போதும் என்கிறார். சி.எஸ்.ஐ. ஆராதனையில் பொது பாவ அறிக்கை வருகிறது. அது அரை நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. சனிக்கிழமை இரவே தயாராகி வராவிட்டால் உதடு மட்டும் அசையும்.

நேரடியாகச் சொல்பவர்களுக்கு உள்ள ஆபத்து, யாரும் கேட்காததால் சொல் மழுங்குவது. யாக்கோபு 5:16 "ஒருவருக்கொருவர்" என்கிறது. வாயடக்கம் உள்ள, மூத்த, அதே பாலினத்து ஒருவர் போதும்.

மனைவிக்குத் தெரியாத தவறை மனைவியிடம் சொல்லிவிட வேண்டுமா?

பாவம் எவ்வளவு தூரம் பரவியதோ அவ்வளவு தூரம் அறிக்கை போக வேண்டும் என்பது பழைய ஆலோசனை. நினைவில் மட்டும் நடந்தது கடவுளோடு முடியும். திருமண உறவை மீறியது, மறைத்து வாங்கிய கடன், அடகுக்குப் போன அவருடைய நகை எல்லாம் அவரைத் தொட்டது, சொல்ல வேண்டும். நோய்த்தொற்றுக்கு வாய்ப்பு இருந்தால் தள்ளிப்போடாமல் சொல்லிப் பரிசோதிக்க வேண்டும். ஆனால் பாரத்தை இறக்கி வைக்கும் அவசரத்தில், அவர் தூங்கப் போகும் நேரத்தில், விவரம் அத்தனையும் கொட்டுவது அறிக்கை ஆகாது. முதலில் ஆயரிடமோ ஆலோசகரிடமோ பேசிவிட்டு, பிள்ளைகள் இல்லாத நேரம் பார்த்து, கேட்டதற்கு மட்டும் பொய்யில்லாமல் பதில் சொல்லுங்கள். வீட்டில் அடி உதை இருக்கும் பெண்கள் தனியாக இருந்து இதைச் செய்ய வேண்டாம்.

சபையில் சாட்சி சொல்லும்போது எவ்வளவு வரை?

மூன்று நிமிடம். உங்கள் பெயரைத் தவிர வேறு பெயர் வேண்டாம். பாவத்தை விவரிக்கிற நேரம் பாதிக்குமேல் போனால் கதை ருசிக்கத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். யாரோ பதிவு செய்து வாட்ஸ்அப்பில் போடுவார்கள் என்று எண்ணியே பேசுங்கள்.

குழந்தைக்குத் தீங்கு செய்தவர் மனம் திரும்பி அழுகிறார். சபைக்குள்ளேயே முடித்துவிடலாமா?

கூடாது. போக்சோ சட்டம் 2012, பிரிவு 19இன்படி தெரிந்தவர் காவல்துறைக்குச் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் இருப்பதே பிரிவு 21இன்கீழ் குற்றம். குழந்தைகள் உதவி எண் 1098. ஒப்புரவில் கேட்ட குருவானவர் திருச்சபைச் சட்டப்படி வெளியே சொல்ல முடியாது என்பது உண்மை, ஆனால் தானே போய்ச் சரணடையச் சொல்லலாம். அந்தக் கட்டுப்பாடு மூப்பருக்கோ கமிட்டிக்கோ கிடையாது. "சபைப் பேர் கெட்டுப்போகும்" என்பது அனனியாவைப் போல உள்ளதை மறைத்து வெளியே நல்லதாகக் காட்டும் வாதம்.

கடவுள்மேல் கோபமாக இருக்கிறதுங்க. அதையும் சொல்லலாமா?

சொல்லுங்கள். சங்கீதம் 88 ஆறுதல் வரியே இல்லாமல் முடிகிறது, அது பைபிளில்தான் இருக்கிறது. யோபு வாய்க்கு வந்தபடி வழக்காடினான். கடைசியில் கடவுள் கண்டித்தது தம்மைத் தாங்கிப் பேசிய யோபுவின் நண்பர்களை. என் தாசனாகிய யோபு பேசினதுபோல் நீங்கள் நிதானமாய்ப் பேசவில்லை என்றார் (42:7). மழை பொய்த்து, தண்ணீர் வராமல் போர்வெல் புகைந்து, பிள்ளைக்கு நோய் வந்த வீட்டில் "எல்லாம் நன்மைக்கே ஆண்டவரே" என்று உதட்டால் சொல்வதைவிட "எதுவரைக்கும்?" என்ற சங்கீதம் 13 நேர்மையானது.

சாதிச் சான்றிதழில் இந்து, சபையில் கிறிஸ்தவர். இது கடவுள் முன் பொய்தானே?

மேடையிலிருந்து பதில் சொல்ல எளிதான, வீட்டில் வாழக் கடினமான கேள்வி. 1950ஆம் ஆண்டின் பட்டியல் சாதிகள் ஆணையின்படி அந்தத் தகுதி இந்துக்களுக்கும், 1956 முதல் சீக்கியருக்கும், 1990 முதல் பௌத்தருக்கும் மட்டுமே. பட்டியல் சாதியிலிருந்து கிறிஸ்தவரானவர் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார். மதம் மாறினாலும் ஊர்க் கட்டுப்பாடும் இரட்டை டம்ளரும் மாறவில்லை என்பதால், தகுதியை விரிக்கச் சொல்லி 2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் பரிந்துரைத்தது. 2022இல் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு ஆணையம் அமைக்கப்பட்டது.

இரண்டு பதிவு வைத்துக்கொள்வதை உண்மை என்று சொல்ல முடியாது, சட்டச் சிக்கலும் உண்டு. ஆனால் இதை அறிக்கையிடச் சொல்லும் சபை முதலில் தன் கணக்கைத் திறக்கட்டும்: பெண் எடுப்பதில் என்ன பார்க்கிறோம், கல்லறைத் தோட்டத்தில் யாருக்கு எந்த மூலை. சம்பந்தப்பட்டவர் ஒரு கூட்டத்தின் உணர்ச்சியில் முடிவெடுக்காமல், வேலை, படிப்பு, பிள்ளைகள் எதிர்காலம் மூன்றையும் வைத்து வழக்கறிஞரிடம் பேசிவிட்டு முடிவெடுக்க வேண்டும். ஆயர் அவர் பெயரைப் பிரசங்கத்தில் இழுக்கக்கூடாது.

அதே பாவத்தையே திரும்பத் திரும்ப அறிக்கையிடுகிறேன். நடிக்கிறேனோ?

விழுவது நடிப்பல்ல. அடுத்த முறைக்கான வாசலைத் திறந்தே வைத்துக்கொண்டு அறிக்கையிடுவது நடிப்பு. நீதிமொழிகள் 28:13 "அறிக்கைசெய்து விட்டுவிடுகிறவனோ இரக்கம் பெறுவான்" என்கிறது. விடுவது பெரும்பாலும் ஏற்பாட்டு வேலை: டாஸ்மாக் இருக்கும் வழியை மாற்றுவது, சூதாட்ட ஆப்பை அழித்துவிட்டு சம்பளக் கணக்கை மனைவி கையில் கொடுப்பது, இரவு பத்துக்குமேல் போனைக் கூடத்தில் வைப்பது.

மன்னிப்புக் கேட்ட பிறகும் சரியாகச் சொன்னேனா என்று நிம்மதியே இல்லை. ஒரு நாளைக்கு இருபது தடவை கேட்கிறேன்.

இது உண்மையில்லாமை அல்ல, பெரும்பாலும் நோய். துறவியாக இருந்த இளம் லுத்தர் மணிக்கணக்கில் அறிக்கையிட்டுத் தன் ஆலோசகர் ஸ்டௌபிட்ஸைக் களைக்க வைத்தார். ஒரு பாவத்தை ஒருமுறைதான் அறிக்கையிடுவது என்று ஒரே ஆலோசகரோடு விதி வைத்துக்கொள்ளுங்கள். உறுத்தல் திரும்ப வந்தால் 1 யோவான் 3:20ஐப் படித்துவிட்டு எழுந்து வேலையைப் பாருங்கள்: நம் இருதயம் நம்மைக் குற்றவாளியாகத் தீர்த்தாலும் "தேவன் நம்முடைய இருதயத்திலும் பெரியவர்". உபவாசத்தைக் கூட்டாதீர்கள், அது நிலைமையை மோசமாக்கும். சாப்பாடு, தூக்கம், வேலை கெட்டால் மனநல மருத்துவரிடம் போக வேண்டும். அரசின் டெலி மானஸ் எண் 14416இல் தமிழிலும் பேசலாம்.

கோர்ட்டில் சத்தியம் செய்யச் சொல்கிறார்கள், பஞ்சாயத்தில் பைபிள்மேல் அடிக்கச் சொல்கிறார்கள். செய்யலாமா?

மத்தேயு 5:34-37 சத்தியமே வேண்டாம், "உள்ளதை உள்ளதென்றும், இல்லதை இல்லதென்றும்" சொல்லச் சொல்கிறது. பல சபைகள் அரசு முன் எடுக்கும் பிரமாணத்தை அனுமதிக்கின்றன. மனசாட்சி இடம் கொடுக்காதவர் 1969ஆம் ஆண்டு சத்தியப் பிரமாணச் சட்டத்தின்படி கடவுள் பெயர் இல்லாமல் உறுதிமொழி எடுக்கலாம். நீதிபதியிடம் கூண்டில் ஏறியதும் சொன்னால் போதும். பஞ்சாயத்தில் "அடிக்க மாட்டேனுங்க, கேட்டதுக்குப் பதில் சொல்றேன்" என்று சொல்லிவிட்டுப் பதிலைச் சொல்லுங்கள்.